பழைய எஸ்கேப் ஹைப்ரிட் உண்மையில் எவ்வளவு மைலேஜ் கொடுக்கிறது?

யாராவது என் வண்டியைப் பார்த்து "ஹைப்ரிட்டா, எவ்வளவு கொடுக்குது?" என்று கேட்டால் பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். எந்த மாதம்? ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினால் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்? கேட்டவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். ஆனால் இந்த இரண்டும் தெரியாமல் ஒரே ஒரு எண்ணைச் சொன்னால் அது பாதிப் பொய்யாகத்தான் இருக்கும்.

வண்டி 2008 மாடல் ஃபோர்டு எஸ்கேப் ஹைப்ரிட், முன்சக்கர இயக்கம், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஊர் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக் கொலம்பஸ். கோடையில் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் கொதிக்கும், ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே போய் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். இந்த வண்டியில் கையால் போட்ட கணக்கு இதுதான்: மே, ஜூன் மாதங்களில் ஊருக்குள் ஓட்டினால் 33, 34 எம்பிஜி (ஒரு கேலன் பெட்ரோலுக்கு எத்தனை மைல் என்ற கணக்கு), அதாவது லிட்டருக்கு 14 கிலோமீட்டருக்கு மேல். ஹைவேயில் 70, 75 மைல் வேகத்தில் போனால் 27, 28, லிட்டருக்கு 12க்குக் கொஞ்சம் கீழே. ஜனவரியில் பள்ளிக்கூடம், மளிகைக் கடை, திரும்ப வீடு என்று குட்டிக் குட்டி ஓட்டம் மட்டுமே என்றால் 23, 24, லிட்டருக்கு 10ஐத் தொட்டால் பெரிய விஷயம். அதே வண்டி, அதே டயர், ஓட்டுகிற காலும் அதே கால். அப்படியிருக்க ஏன் இவ்வளவு வித்தியாசம் என்பதைத்தான் எழுதப் போகிறேன், ஏனென்றால் இந்தப் பழைய ஹைப்ரிட்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன, வாங்குகிறவர்கள் புது வண்டியில் ஒட்டியிருந்த மைலேஜ் ஸ்டிக்கர் எண்ணைப் பார்த்து ஆசைப்பட்டு முதல் குளிர்காலத்திலேயே "பேட்டரி போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் பேட்டரி போயிருக்காது.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். எஸ்கேப் ஹைப்ரிட் 2004 இறுதியில் 2005 மாடலாக வந்தது, மிசூரி மாநிலத்தில் கான்சஸ் சிட்டிக்குப் பக்கத்தில் கிளேகோமோ என்ற இடத்தில் தயாரானது. ஹைப்ரிட் எஸ்யூவி என்று சந்தைக்கு வந்ததில் இதுதான் முதல். 2.3 லிட்டர், 4 சிலிண்டர், அட்கின்சன் சுழற்சி (பலத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து பெட்ரோலை மிச்சம் பிடிக்கிற வகை) எஞ்சின், 133 குதிரைத்திறன். அதோடு 70 கிலோவாட் மின்மோட்டார். இரண்டும் சேர்ந்து கொடுப்பது 155. எஞ்சினையும் மோட்டாரையும் இணைப்பது டொயோட்டா பிரியஸில் இருப்பது போன்ற அதே கிரக கியர் ஏற்பாடுதான், இதற்காகவே ஃபோர்டும் டொயோட்டாவும் 2004ல் காப்புரிமை உடன்பாடு செய்துகொண்டன. பின்னால் சாமான் வைக்கும் தளத்துக்கு அடியில் 330 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. உள்ளே டார்ச் லைட்டில் போடுகிற பெரிய செல் அளவில் 250 செல்கள். 2009ல் எஞ்சினை 2.5 லிட்டராக்கினார்கள், 2012 மாடலோடு கதையை முடித்தார்கள். 2013ல் புது எஸ்கேப் வந்தபோது அதில் ஹைப்ரிட்டே கிடையாது, திரும்ப வந்தது 2020ல்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டு ஏழு வருடம் கழித்துத் திரும்பக் கொண்டுவந்ததில் என்ன கெட்டிக்காரத்தனம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை, அது வேறு கதை.

ஸ்டிக்கர் எண் எங்கிருந்து வந்தது

2005 முன்சக்கர மாடலுக்கு ஈபிஏ (அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு) ஸ்டிக்கர் ஊருக்குள் 36, ஹைவேயில் 31. என் 2008க்கு 34, 30. நான்கு சக்கர இயக்கம் என்றால் 29, 27. இது டொயோட்டாவின் ஹைலேண்டர் ஹைப்ரிட் மாதிரி பின்னால் தனி மோட்டார் வைத்த ஏற்பாடு இல்லை, நிஜமாகவே ஷாஃப்ட் போய் பின்சக்கரத்தைச் சுற்றுகிறது, எடையும் உராய்வும் கூடுகின்றன, அதனால்தான் ஊருக்குள் 5 எம்பிஜி காணாமல் போகிறது. பனி பெய்கிற ஊர் என்பதற்காகவே பலர் கண்ணை மூடிக்கொண்டு நான்கு சக்கர இயக்கம் வாங்குகிறார்கள். நல்ல ஸ்னோ டயர் ஒரு செட் அதைவிட மலிவு என்பது என் கட்சி.

36 எப்படி 34 ஆனது? 2007 வரை ஈபிஏவின் சோதனை அந்தக் காலத்து ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஹைவே சோதனையில் அதிகபட்ச வேகமே 60 மைல்தான், ஏசி அணைந்திருக்கும், அறையின் வெப்பநிலை இதமாக இருக்கும். அதில் வந்த எண்ணை ஊருக்கு 10 சதவீதம், ஹைவேக்கு 22 சதவீதம் என்று 1985லிருந்து கண்ணை மூடிக்கொண்டு குறைத்து ஸ்டிக்கரில் போட்டார்கள். 2008 மாடலிலிருந்து மூன்று விஷயங்களின் விளைவைக் கணக்கில் கொண்டுவந்தார்கள்: 80 மைல் வரை போகிற வேகமான முரட்டு ஓட்டம், 35 டிகிரி வெயிலில் ஏசியோடு ஓட்டம், மைனஸ் 7 டிகிரி குளிரில் ஓட்டம். இந்த மாற்றத்தில் அடி வாங்கியது பிரியஸ். 60, 51 என்று மார்தட்டிக்கொண்டிருந்தது ஒரே நாளில் 48, 45 ஆனது. எஸ்கேப்புக்கு அவ்வளவு சேதாரம் இல்லை.

புது ஸ்டிக்கர் பழையதைவிட எவ்வளவோ நேர்மையானதுதான். ஆனாலும் அது வருடம் முழுவதற்கும், நாடு முழுவதற்கும் ஒரு சராசரி. உங்கள் ஜனவரி அந்தச் சராசரிக்குள் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கும்.

எஞ்சின் எவ்வளவு நேரம் அணைந்திருக்கிறது

இந்த வண்டியில் மைலேஜ் என்பது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது: ஓட்டுகிற நேரத்தில் எஞ்சின் எவ்வளவு நேரம் அணைந்து கிடக்கிறது. பேட்டரியில் அடங்குவது மொத்தமே சுமார் 1.8 கிலோவாட் மணி. ஒரு கேலன் பெட்ரோலில் உள்ள ஆற்றல் 33.7 கிலோவாட் மணி என்று ஈபிஏ கணக்கிடுகிறது. பேட்டரி முழுதாக நிரம்பினாலும் கேலனில் 19ல் ஒரு பங்குதான், அதிலும் செல் கெடக்கூடாது என்பதற்காக நடுவில் ஒரு சின்னப் பகுதியை மட்டுமே கணினி பயன்படுத்த விடுகிறது. ஆக பேட்டரி வண்டியை ஓட்டுவதில்லை. பிரேக் போடும்போது வீணாகிறதைச் சேர்த்துவைத்து, எஞ்சினை அணைத்து வைக்க உதவுகிறது, அவ்வளவுதான்.

எஞ்சின் அணைவதற்குக் கணினி பல நிபந்தனைகள் வைத்திருக்கிறது. எஞ்சினைச் சுற்றி ஓடுகிற கூலன்ட் திரவம் சூடாகியிருக்க வேண்டும். புகைக்குழாயில் இருந்து புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடாகியிருக்க வேண்டும். பேட்டரி ரொம்பக் குளிராகவும் இருக்கக்கூடாது, ரொம்பச் சூடாகவும் இருக்கக்கூடாது. ஹீட்டரோ ஏசியோ எஞ்சினைக் கேட்கக்கூடாது. வேகமும் குறைவாக இருக்க வேண்டும், மின்சாரத்தில் மட்டும் ஓடுவது ஏறக்குறைய 25 மைல் வேகம் வரை என்று ஃபோர்டு முதலில் விளம்பரப்படுத்தியது, 2009ல்தான் அது 40 ஆனது. எல்லாம் சரியாக இருந்தால் சிக்னலை நெருங்கும்போது எஞ்சின் சுழற்சியைக் காட்டுகிற டாக்கோமீட்டர் முள் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, மின்சாரத்தில் மட்டும் ஓடுவதைக் குறிக்கிற ஈவி அடையாளத்தில் விழும், வண்டி சத்தமே இல்லாமல் நிற்கும். ஒரு நிபந்தனை இடித்தாலும் முள் 1000ஐ ஒட்டி நின்று முரண்டு பிடிக்கும்.

நியூயார்க் டாக்ஸிக்காரர்கள் இந்த வண்டியை ஏன் கொண்டாடினார்கள் என்பது இப்போது புரியும். 2005லிருந்து அங்கே ஹைப்ரிட் டாக்ஸிகள் வர ஆரம்பித்தன. 2007ல் மேயர் மைக்கேல் ப்ளூம்பெர்க் 2012க்குள் மஞ்சள் டாக்ஸி எல்லாம் ஹைப்ரிட் ஆக வேண்டும் என்று அறிவித்தார், நீதிமன்றம் அதைத் தடுத்துவிட்டது, ஆனாலும் டாக்ஸிக்காரர்கள் தாங்களாகவே எஸ்கேப் வாங்கினார்கள். மன்ஹாட்டன் டாக்ஸி காலையில் ஒரு தடவை சூடானால் ஷிஃப்ட் முடிகிறவரை ஆறாது. வேகம் 25ஐத் தாண்டுவதே அபூர்வம். நின்று நின்று போகிற போக்குவரத்து. நிபந்தனை எல்லாம் நாள் முழுக்கப் பொருந்தியிருக்கும். வண்டி வெளியான வருடம் ஃபோர்டு மன்ஹாட்டனுக்குள்ளேயே இரவும் பகலுமாக ஓட்டிக் காட்டி, ஒரே டேங்கில் 576 மைல் போனதாகச் சொன்னது. டேங்க் 15 கேலன், வகுத்துப் பாருங்கள், 38 வருகிறது. அது பொய் இல்லை. அங்கே அது சாத்தியம்தான். என் ஜனவரிக் காலையில் சாத்தியமில்லை.

ஜனவரி

என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு மைலுக்குள். ராத்திரி முழுக்க வெளியே நின்ற வண்டி, கண்ணாடியில் பனி ஒட்டியிருக்கும். ஸ்டார்ட் பண்ணியதும் எஞ்சின் எழுந்துவிடும், கன்வெர்ட்டர் சூடாக வேண்டும். கண்ணாடி தெரிய டிஃப்ராஸ்ட் திருப்புவேன். இந்த வண்டியில் டிஃப்ராஸ்ட் ஏசி கம்ப்ரஸரையும் சேர்த்து எழுப்பிவிடும், கம்ப்ரஸர் எஞ்சின் பெல்ட்டில் ஓடுவது, அதனால் அந்தக் குமிழ் அங்கே இருக்கிறவரை எஞ்சின் அணையவே அணையாது. கண்ணாடி தெளிந்ததும் குமிழைக் கால்பக்கம் திருப்பினால் முதல் சிக்னலில் அணையுமா? அணையாது, கூலன்ட் இன்னும் பச்சைத் தண்ணீராகக் கிடக்கும். இரண்டாவது சிக்னலிலும் முள் 1000க்கு மேல்தான். கொஞ்சம் சூடேறி, இதோ அணையப்போகிறது என்கிற நேரத்தில் பள்ளிக்கூடம் வந்துவிடும், பிள்ளையை இறக்கிவிட்டு வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்வந்தால் மறுபடி முதலிலிருந்து. அடுப்பை ஏற்றிப் பால் பொங்குவதற்குள் அணைத்து, ஆறியதும் திரும்ப ஏற்றுகிற கதைதான்.

இது என் வண்டிக்கு மட்டும் வந்த நோய் இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறையும் ஈபிஏவும் சேர்ந்து கொடுக்கிற தகவலில், 25 டிகிரியில் கிடைப்பதைவிட மைனஸ் 7ல் சாதாரண பெட்ரோல் காருக்கு ஊர் மைலேஜ் சுமார் 15 சதவீதம் குறையும், ஹைப்ரிட்டுக்கு 30 முதல் 34 சதவீதம் குறையும் என்று இருக்கிறது. ஹைப்ரிட்டுக்கு மட்டும் ஏன் இரண்டு மடங்கு அடி? சாதாரண காரின் எஞ்சின் சிக்னலிலும் ஓடிக்கொண்டேதான் இருக்கும், அந்த வகையில் குளிரில் அது புதிதாக இழக்க ஒன்றுமில்லை. ஹைப்ரிட்டின் வித்தையே எஞ்சினை அணைப்பது, குளிர் அந்த வித்தையைத்தான் பிடுங்கிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, சிக்கனமான எஞ்சின் வீணாக்குகிற சூடும் குறைவு, ஹீட்டருக்குத் தேவைப்படுவதோ அந்த வீண் சூடுதான். அணைந்தால் ஆறும், ஆறினால் ஹீட்டருக்காகவே மறுபடி எழும். 34ல் 30 சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள், 23.8. என் ஜனவரி எண் அப்படியே அதில் போய் உட்காருகிறது.

குளிர்கால பெட்ரோலில் ஆற்றல் சற்றுக் குறைவு, டயரில் காற்று சுருங்கி 10 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு 1 பிஎஸ்ஐ வீதம் இறங்கும், ஆயில் தடித்துவிடும். இதெல்லாமும் உண்டு, ஆனால் சில்லறை. பெரிய நோட்டு எஞ்சின் அணையாததுதான். இதற்கு நான் செய்வது இரண்டே விஷயம். வெளியே போகிற வேலைகளை ஒன்றாகச் சேர்த்து, தூரமான இடத்துக்கு முதலில் போய்விடுவது, சூடான எஞ்சினோடு பக்கத்துக் கடைகளை முடிப்பது. அப்புறம் முன்பக்கக் கிரில்லின் கீழ்வரிசையில் தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற நுரைக் குழாயை வெட்டிச் செருகிவிடுவது, குளிர்காற்று ரேடியேட்டரில் நேராக அடிக்காது. மார்ச்சில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

கோடையில் வேறு விதமான தொல்லை. ஏசியை மேக்ஸில் வைத்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், சாதாரண ஏசியில் வைத்தால் விட்டு விட்டு ஓடும். வெயிலில் நின்ற வண்டிக்குள் ஏறியதும் எல்லோரும் போடுவது மேக்ஸ்தான், தப்பில்லை, உள்ளே குளிர்ந்ததும் ஒரு புள்ளி கீழே இறக்க மறந்துவிடுவதில்தான் காசு போகிறது. முதல் தலைமுறை வண்டிகளில் பேட்டரிக்கென்றே பின்னால் தனியாக ஒரு ஏசி சுற்று வைத்திருக்கிறார்கள். நல்ல வெயிலில் நீங்கள் ஏசியை அணைத்து வைத்தாலும் பேட்டரி தனக்கு வேண்டும் என்று கம்ப்ரஸரை எழுப்பும், எஞ்சினும் கூடவே எழும். காரணம் தெரியாதவர்களுக்கு வண்டிக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும்.

ஹைவே: உண்மையில் ஏமாற்றம் இங்கேதான்

எஸ்கேப் பெட்டி மாதிரி நிமிர்ந்து நிற்கிற வண்டி. 65 மைலிலிருந்து 75க்குப் போனால் காற்று எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது, பள்ளிக்கூடத்து இயற்பியல்தான். அந்த வேகத்தில் எஞ்சின் அணைய வாய்ப்பே இல்லை, பிரேக் போட்டுச் சேர்க்கவும் ஒன்றுமில்லை. பேட்டரி, மோட்டார், அதற்கான கம்பிகள் எல்லாம் சும்மா கூட வருகிற சாமான். உதவுவது அட்கின்சன் எஞ்சின் மட்டும்தான்.

கொலம்பஸிலிருந்து கிளீவ்லாந்து போகிற ஐ-71 நெடுஞ்சாலை பெரும்பாலும் சமதளம், அங்கே 65ல் போனால் ஸ்டிக்கர் 30 வந்துவிடும், 75ல் போனால் 27, எதிர்க்காற்று அடித்தால் அதுவும் போச்சு. பிட்ஸ்பர்க் பெருமாள் கோயிலுக்குப் போகிற ஐ-70 வேறு மாதிரி. ஓஹையோவின் கிழக்கில் ஏற்ற இறக்கம் ஆரம்பித்து, வீலிங் பக்கம் நல்ல மலைப்பாதை ஆகிவிடும். இறக்கத்தில்தான் ஹைப்ரிட் சம்பாதிக்கும் என்று நினைப்போம், ஆனால் நீண்ட இறக்கத்தில் அந்தக் குட்டி பேட்டரி சீக்கிரமே நிரம்பிவிடும், மிச்சம் எல்லாம் வீண். கியரை எல் (L) என்கிற தாழ்ந்த நிலையில் போட்டு எஞ்சின் பிடிமானத்தில் இறங்க வேண்டியதுதான். குடும்பத்தோடு போகும்போது கூரைமேல் பெட்டி கட்டினீர்கள் என்றால் முடிந்தது: வேகமான ஹைவேயில் அது 10 முதல் 25 சதவீதம் வரை சாப்பிடும் என்பது அதே அரசுத் தகவல். உள்ளேயே திணித்துக்கொண்டு போங்கள்.

இப்போது ஒரு கணக்கு. எம்பிஜி என்பது கண்ணை மறைக்கிற அளவு, 100 மைலுக்கு எத்தனை கேலன் என்று திருப்பிப் போட்டால் காட்சி மாறிவிடும். அதே 2008ல் வந்த 4 சிலிண்டர் ஆட்டோமேட்டிக் சாதாரண எஸ்கேப்பின் ஸ்டிக்கர் ஊருக்குள் 20, ஹைவேயில் 26. நல்ல பருவத்தில் ஊருக்குள் சாதாரண எஸ்கேப் 100 மைலுக்கு 5 கேலன் குடிக்கும், ஹைப்ரிட் 2.9. மிச்சம் 2.1. ஜனவரியில் சாதாரணது 15 சதவீதம் இறங்கி 17 கொடுக்கும் என்று வைத்தால் 5.9 கேலன், ஹைப்ரிட் 24ல் 4.2. மிச்சம் 1.7. ஹைவேயில்? 3.8க்கும் 3.3க்கும் உள்ள வித்தியாசம், அரை கேலன்.

பாருங்கள், எல்லோரும் திட்டுகிற ஜனவரியில்கூட இந்த வண்டி 100 மைலுக்கு ஒன்றரை கேலனுக்கு மேல் மிச்சம் பிடிக்கிறது. 28 என்று பார்க்க லட்சணமாக இருக்கிற ஹைவே எண்தான் நமக்கு ஒன்றும் தரவில்லை. தினம் 60 மைல் ஹைவேயில் போய்வருகிறவர் இதை வாங்கினால் பழைய ஹைப்ரிட்டின் தொல்லைகளை எல்லாம் அரை கேலனுக்காகச் சுமக்கிறார். அவருக்கு ஒரு சாதாரணச் சின்னக் கார் போதும், எஸ்யூவியே வேண்டாம்.

இதே கணக்கில், இதை விற்றுவிட்டுப் புதுசு வாங்கலாமா என்கிற ஆசைக்கும் பதில் இருக்கிறது. 2020 எஸ்கேப் ஹைப்ரிட் முன்சக்கர மாடலின் சராசரி ஸ்டிக்கர் 41. என்னுடையது 32, சாதாரண பழைய எஸ்கேப் 22. 22லிருந்து 32க்கு வந்ததில் 100 மைலுக்கு 1.4 கேலன் மிச்சம். 32லிருந்து 41க்குப் போனால் 0.7. வருடம் 10,000 மைல், கேலன் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால் கூடுதலாக மிச்சமாவது 240, 250 டாலர். புது வண்டியின் இன்சூரன்ஸ் ஏற்றமே அதை விழுங்கிவிடும்.

வண்டிக்கு வயதானால் மைலேஜ் போகுமா

பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்படுவார்கள். 2011ல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை 2 லட்சம் மைலுக்கு மேல் ஓடிய 2002 பிரியஸ் ஒன்றை எடுத்துச் சோதித்தது: 40.4 எம்பிஜி. பத்து வருடத்துக்கு முன் அவர்களே புதிதாகச் சோதித்த 2001 பிரியஸ் கொடுத்தது 40.6. இதுவும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிதான். சான் பிரான்சிஸ்கோவில் 2005ல் டாக்ஸியாக இறங்கிய எஸ்கேப்களில் சில 3 லட்சம் மைலைத் தாண்டின. பேட்டரி சாகாது என்று சொல்லவில்லை, வருடக்கணக்கில் சும்மா நின்ற வண்டியிலோ கடும் வெயில் ஊரிலோ சாகும். ஆனால் சாகிற பேட்டரி எச்சரிக்கை விளக்கு போட்டு ஊரைக் கூட்டும். விளக்கு எதுவும் எரியாமல் மைலேஜ் மட்டும் மெல்ல இறங்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் இருபது முப்பது டாலர் சமாச்சாரம்.

முதல் ஆள் தெர்மோஸ்டாட், கூலன்ட் சூடாகிறவரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் தடுக்கிற வால்வு. பழசாகித் திறந்தபடி மாட்டிக்கொண்டால் சாதாரண காரில் ஹீட்டர் கொஞ்சம் மந்தமாக இருக்கும், அவ்வளவுதான். இதில் எஞ்சின் அணையத் தேவையான சூட்டையே தொடாது, ஏப்ரலிலும் ஜனவரி மைலேஜ் வரும். வண்டியின் கணினியைப் படிக்கிற மலிவான ஓபிடி கருவி ஒன்றைச் செருகிக் கூலன்ட் வெப்பநிலையைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து பிரேக். ஹைப்ரிட்டில் மோட்டாரே பாதி பிரேக் வேலையைச் செய்வதால் பேட் தேயாது, பழைய பேடைப் பார்த்துச் சந்தோஷப்படுவோம். ஆனால் சாலையில் உப்புப் போடுகிற ஊரில் பேடை அழுத்துகிற காலிப்பர் பயன்படாமல் துருவேறி முழுதாக விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். ஹைவேயில் கொஞ்ச தூரம் போய், பிரேக் அதிகம் போடாமல் மெல்ல நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் கிட்டே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அதுதான் திருடன்.

டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்தது என்று புலம்புவதும் நியாயம்தான். புது டயரில் ரப்பர் ஆழம் அதிகம், உருளும்போது எதிர்ப்பும் அதிகம். மேலும் தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு, ஓடோமீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டிருந்திருக்கும். பாதி இழப்பு நிஜம், பாதி பழைய எண்ணின் பொய். அப்புறம் பேட்டரிக்குக் காற்று போகிற வழியில் ஒரு ஃபில்ட்டர் இருக்கிறது, பின்பக்க ஓரத்து பேனலுக்குள். அப்படி ஒன்று இருப்பதே பல மெக்கானிக்குகளுக்குத் தெரியாது. அது தூசியில் அடைத்துவிட்டால் பேட்டரி சூடாகும், கணினி பயந்துபோய் மோட்டாருக்குக் கொடுப்பதைக் குறைக்கும்.

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. டாஷில் காட்டுகிற எம்பிஜியை நம்பாதீர்கள், என் வண்டியில் அது எப்போதும் ஒன்று, ஒன்றரை கூட்டித்தான் காட்டுகிறது. டேங்கை நிரப்பி, ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி, அடுத்த தடவை அதே பம்ப்பில் முதல் கிளிக்கோடு நிறுத்தி வகுப்பதுதான் ஒரே வழி. அதிலும் ஒரு டேங்க் கணக்கு எதற்கும் உதவாது, கிளிக் முன்னே பின்னே விழுந்தாலே ஒரு எம்பிஜி ஆடிவிடும். பல டேங்குகளைக் கூட்டி, மாதத்தோடு சேர்த்து எழுதிவைத்தால்தான் வண்டி கெட்டதா, வானிலை கெட்டதா என்று பிரிக்க முடியும்.

இப்படி ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்கு: விற்கிறவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று. போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்த வண்டியை நீங்களே ஸ்டார்ட் பண்ணி, ஹீட்டர், ஏசி, டிஃப்ராஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு இருபது நிமிடம் ஊருக்குள் ஓட்டுங்கள். முள் ஈவியில் விழுகிறதா, சிக்னலில் விழுந்து பச்சை வருகிறவரை அங்கேயே இருக்கிறதா, மெல்லக் கிளம்பும்போது கொஞ்ச தூரமாவது மோட்டாரிலேயே போகிறதா என்று பாருங்கள். விழவே இல்லை, ஆனால் விளக்கும் எதுவும் எரியவில்லை என்றால் முகத்தில் எதையும் காட்டாமல் "பேட்டரி எப்படியோ தெரியலையே" என்று இழுத்து விலையைக் குறைத்து வாங்கிவிட்டு, போகிற வழியில் ஒரு தெர்மோஸ்டாட்டும் வாங்கிக்கொண்டு போங்கள்.